மலை கேட்ட பாட்டு – 9: சாவி கொடுத்தால் பாடிய பீட்டில்ஸ்

போன ஜூனில் வண்டிப்பெரியாரில் மூன்று நாள் விடாத மழை. பாலத்துக்கு அடியில் பெரியாறு செம்மண் கரைத்துக்கொண்டு ஓடியது. காலையில் போன கரண்ட் சாயங்காலம் வரை வரவில்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் பழைய இசைத்தட்டுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் போயிருந்தேன். கரண்ட் இல்லாத வீட்டில் ரிக்கார்டு பிளேயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்தேன்.

"உக்காருங்க தம்பி. இதுக்கு நம்ம கைதான் கரண்டு" என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டி வெளியே வந்தது.

எச்.எம்.வி. 102. முப்பதுகளின் தொடக்கத்தில் வந்த கைப்பெட்டி கிராமபோன். மூடியைத் திறந்தால் உள்பக்கம் தட்டுகளைச் செருகி வைக்க இடம், மூலையில் ஊசி டப்பா, பக்கவாட்டில் மாட்டும் சாவிக்கட்டை. பெட்டிக்குள்ளேயே ஊதுகுழல் மடிந்து கிடக்கும். பாட்டு பின்பக்கத்துத் திறப்பு வழியாக வரும். இதெல்லாம் எனக்குப் பழக்கமானதுதான். அவர் உறையிலிருந்து எடுத்த தட்டைப் பார்த்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பார்லஃபோன் முத்திரை. 78 சுற்று. பாடியவர்கள் பீட்டில்ஸ்.

போலி என்று முதலில் நினைத்தேன். சாவி கொடுக்கும் கிராமபோன் நம் தாத்தா காலத்துச் சமாச்சாரம், பீட்டில்ஸ் அப்பா காலத்துச் சமாச்சாரம். இரண்டும் ஒரே தட்டில் எப்படிச் சேர்ந்தன? சென்ற இதழில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் குமுளி மலை ஏறிய கதையோடு நிறுத்தியிருந்தேன். இந்த இதழில் முப்பது ஆண்டுகளை ஒரே தாண்டாகத் தாண்டுவதற்கு அந்தத் தட்டுதான் காரணம்.

அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 1948-இல் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று முழுச் சுற்றும் மூன்றில் ஒரு பங்குச் சுற்றும் சுழலும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. கம்பெனி 45 சுற்றுச் சிறு தட்டோடு போட்டிக்கு வந்தது. இரண்டுமே வினைல். இரண்டையும் கேட்க மின்சாரம் வேண்டும், ஒலியைப் பெருக்கும் கருவி வேண்டும், மெல்லிய ஊசி வேண்டும். மேல்நாட்டு வீடுகளில் இவையெல்லாம் இருந்தன. அதனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் 78 தட்டு அங்கே மூட்டை கட்டியது. பிரிட்டனில் 1960 வாக்கில் அதை அச்சிடுவதே நின்றுபோனது. பீட்டில்ஸின் முதல் சிறு தட்டு வெளிவந்தது 1962 அக்டோபரில். அதாவது அவர்கள் பாட ஆரம்பித்தபோது அவர்கள் ஊரிலேயே 78 செத்துப்போயிருந்தது.

இங்கே சாகவில்லை. கல்கத்தாவுக்கு அருகே டம்டமில் கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை 1928 முதல் இருந்தது. அதற்கு முன்பு சியால்தாவில் ஒன்று இருந்தது. அதற்கும் முன்பு, 1902-இல் கௌஹர் ஜான் பாடியதெல்லாம் ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த் தட்டாகிக் கப்பலில் திரும்பி வந்தது. டம்டமில் அறுபதுகளிலும் 78 தட்டுதான் மலை மலையாக அச்சானது. காரணம் எளிது. நாட்டில் பெரும்பாலான ஊர்களுக்குக் கரண்ட் வரவில்லை. சாவி கொடுக்கும் பெட்டிகள் மட்டும் லட்சக்கணக்கில் இருந்தன. வாங்கின பெட்டியை யாரும் தூக்கி எறிகிற தேசமா இது? கம்பெனிக்காரன் கணக்குப் போட்டான். தியாகராஜ பாகவதர் பாடிய பெட்டியிலேயே லிவர்பூல் பையன்களும் பாடட்டும் என்று 1963 தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அவர்களுடைய பாட்டுகளை 78-இலும் அச்சிட்டான்.

இன்று உலகெங்கும் தட்டுச் சேகரிப்போர் பல்லைக் கடித்துக்கொண்டு தேடுவது இந்தத் தட்டுகளைத்தான். பழைய கருவியில் ராக் கேட்பது இப்போது ஒரு மோஸ்தர். தேடிப்பிடித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, நண்பர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். இந்தியாவில் அது மோஸ்தராக ஆரம்பிக்கவில்லை. ராக் பாட்டு புத்தம் புதிதாக இருந்தபோதே பழைய பெட்டியில்தான் கேட்டார்கள். வேறு பெட்டி இல்லை.

பெரியவர் எடுத்த தட்டு 'கான்ட் பை மீ லவ்'. 1964 ஜனவரிக் கடைசியில் பாரிஸில் பதிவான பாட்டு. பீட்டில்ஸ் அங்கே கச்சேரிக்குப் போயிருந்த சமயம். மார்ச்சில் வெளியானது. பாரிஸில் பாடி, டம்டமில் அச்சாகி, தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த அந்தத் தட்டு எதனால் ஆனது? அரக்கு. பாண்டவர்களைத் தங்கவைத்துக் கொளுத்தத் துரியோதனன் கட்டிய மாளிகை எதனால் ஆனதோ, அதே அரக்கு. சோட்டா நாக்பூர் காடுகளில் பலாச மரத்திலும் இலந்தையிலும் ஒட்டிக்கொண்டு வாழும் சின்னஞ்சிறு பூச்சி சுரக்கும் பிசின். அதை உருக்கி, கல்மாவும் கரியும் பஞ்சு இழையும் சேர்த்துப் பிசைந்து, சூடாக அச்சில் வைத்து அழுத்தினால் 78 தட்டு. உலகம் முழுவதும் இசைத்தட்டு செய்வதற்கு அரக்கு நம் நாட்டிலிருந்துதான் பெரும்பாலும் போனது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து தடைப்பட்டபோது, பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதுத் தட்டு என்று அமெரிக்கக் கடைக்காரர்கள் சொல்லும் நிலை வந்தது. வினைல் பக்கம் அவர்கள் சாய்ந்ததற்கு அந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

இந்த அரக்கு விஷயத்தில் எனக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. பல வருஷங்களுக்கு முன்பு, வாங்கி வந்த ஒரு பழைய தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. டேப் ரிக்கார்டர் தலையை ஸ்பிரிட்டில் துடைப்போமே, அந்தப் பழக்கத்தில் பஞ்சை நனைத்து நன்றாகத் துடைத்தேன். பூஞ்சை போயிற்று. பாட்டும் போயிற்று. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பது எந்தத் தச்சருக்கும் தெரியும். மர பாலீஷே அப்படித்தானே கரைக்கிறார்கள்! எனக்குத் தெரியவில்லை. வினைலுக்கு அது பெரிய கேடு செய்யாது. 78-க்குக் காய்ச்சி வடித்த நீரும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டும் போதும், நடுவிலிருக்கும் காகிதம் நனையாமல்.

பெரியவருக்கு இந்த வித்தையெல்லாம் அத்துப்படி. சாவிக்கட்டையைப் பொருத்தி நிதானமாகச் சுற்றினார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், இன்னும் சுற்றலாம் என்று தோன்றியபோதே நிறுத்திவிட்டார்.

"முழுசாச் சாவி குடுக்கக் கூடாது தம்பி. ஸ்பிரிங்கு அத்துக்கிச்சுன்னா அப்புறம் யாரு செய்யிறது?"

சுருள்வில் முறுக்கேறியபோது இருக்கும் வேகமும் தளரும்போது இருக்கும் வேகமும் ஒன்றாக இருக்காது. ஒன்றாக்குவதற்கு உள்ளே ஒரு சின்ன ஏற்பாடு. மூன்று ஈயக் குண்டுகள் மெல்லிய தகடுகளில் தொங்கிக்கொண்டு சுழலும். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரியும். விரிந்தால் ஒரு வட்டத் தகடு நகர்ந்து தோல் துண்டில் உரசும். உரசினால் வேகம் குறையும். நீராவி எஞ்சினில் வந்த அதே யுக்திதான். சரியாக எண்ணெய் போட்ட பெட்டியில் ஒரு பக்கம் பாடி முடியும்வரை சுருதி பிசகாது. பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம். 'கான்ட் பை மீ லவ்' இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். தாராளமாகப் போதும். 1968-இல் அவர்கள் 'ஹே ஜூட்' போட்டபோது அது ஏழு நிமிடத்தைத் தாண்டியது. அந்தப் பாட்டு இந்தப் பெட்டிக்குள் நுழையவே முடியாது. சாவிக்கும் ராக்குக்கும் இருந்த உறவு அறுந்த இடம் அதுதான் என்று எனக்கு ஓர் எண்ணம்.

ஊசியை மாற்றினார். எஃகு ஊசி, ஒரு பக்கத்துக்கு ஒன்று. ஏன் ஒன்று என்பதற்கு விசித்திரமான காரணம் இருக்கிறது. தட்டில் கல்மா கலப்பதே ஊசியைத் தேய்ப்பதற்காகத்தான். புது ஊசி கூராக இருக்கும். முதல் சில சுற்றிலேயே பள்ளத்தின் வடிவத்துக்கு அது தேய்ந்து பொருந்தவேண்டும். பக்கம் முடிவதற்குள் அது உளிபோல ஆகிவிடும். அதை மறுபடி போட்டால் தட்டைச் செதுக்கிவிடும். ஒலிப்பெட்டியோடு சேர்த்து ஊசிமேல் விழும் பாரம் நூறு கிராமுக்கு மேல். இன்றைய நல்ல பிளேயரில் இரண்டு கிராம்கூட இருக்காது. சேகரிப்பாளர் யாராவது அன்று பக்கத்தில் இருந்திருந்தால், பீட்டில்ஸ் தட்டின்மேல் அந்தப் பாரம் இறங்குவதைப் பார்த்து மயங்கியே விழுந்திருப்பார். நான்கூடத் தயங்கித் தயங்கிச் சொன்னேன், "அய்யா, இது ரொம்ப அபூர்வமான தட்டு. வச்சுக்கிட்டா..."

"பாடாத தட்டெ வச்சு என்ன செய்ய? சுவத்துல மாட்டவா?"

பாடியது. முதலில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற சத்தம். அதற்குள்ளிருந்து பால் மெக்கார்ட்னியின் குரல் முன்னால் வந்து நின்றது, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி. பேஸ் கிட்டார் அடியோடு காணோம். டிரம்ஸ் தகர டப்பா. ஆனால் அந்தத் துள்ளல் முழுதாக இருந்தது. ஒலியைப் பெருக்க வால்வும் இல்லை, டிரான்சிஸ்டரும் இல்லை. ஊசியின் அதிர்வை ஒரு சின்ன அலுமினியத் தகடு வாங்கிக் குழலுக்குள் தள்ளுகிறது, அவ்வளவே. சத்தத்தைக் குறைக்கவேண்டுமா? மெல்லிய ஊசி போடவேண்டும், இல்லாவிட்டால் மூடியைச் சாத்தவேண்டும். தகரக் கூரையில் விழுந்த மழையோடு போட்டி போட்டு அந்தப் பாட்டு ஜெயித்தது.

இந்தத் தட்டு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு வந்ததல்ல, துரை பங்களாவுக்கு வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. இந்தப் பீர்மேட்டு மலைகளில் வெள்ளைக்காரர்கள் முதலில் காப்பி போட்டார்கள். இலைத்துரு நோய் காப்பியைத் தின்றபின் தேயிலைக்கு மாறினார்கள். கோட்டயம்–குமுளி சாலையில் வண்டிகள் ஏறின. ஊரின் பெயரிலேயே வண்டி இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்தும் கங்காணிகள் ஆள்கட்டிக் கொண்டுவந்தார்கள். 1956-இல் மொழிவழி மாநிலம் பிரித்தபோது, தமிழர் நிறைந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு போயின. அந்தப் போராட்டத்தின் கதையை நான்காவது பகுதியில் சொல்லிவிட்டேன். துரைமார் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் இருந்தார்கள். அவர்களுடைய பங்களாக்களில் ரேடியோகிராம் இருந்தது, சனிக்கிழமை ராத்திரி ஆட்டம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பட்லரும் தோட்டக்காரரும் நின்று கேட்ட பாட்டுத்தான் லயத்துக்கு வந்த முதல் ராக்.

லயத்தின் பாட்டு வேறு. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடிய பாட்டு இந்த மலைகளில் எதிரொலித்தது. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். பாவலரின் தம்பி பண்ணைப்புரத்து ராசையா பிற்பாடு இளையராஜாவாகி, மேற்கத்திய வாத்தியங்களை நம் டீக்கடை ரேடியோவுக்கே கொண்டுவந்தார். மலைக்கு இந்தப் பக்கம் துரை பங்களாவில் பீட்டில்ஸ், அந்தப் பக்கம் அடிவாரத்தில் ஆர்மோனியப் பெட்டியோடு பாவலர் சகோதரர்கள். காக்கை பறக்கும் தூரம்தான்.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது இலங்கை வானொலி. நம் ஆல் இந்தியா ரேடியோ 1952-இல் சினிமாப் பாட்டையே தள்ளிவைத்த காலம் அது. மந்திரி கேஸ்கரின் புண்ணியம். கொழும்பு சிற்றலை ஒலிபரப்போ மலை முகட்டில் கணீரென்று கேட்கும். மயில்வாகனன் தமிழில் பேசுவார். ஆங்கில ஒலிபரப்பில் வெர்னன் கொரெயா பேசுவார். எல்விஸும் கிளிஃப் ரிச்சர்டும் அந்த வழியாகவே உள்ளே வந்தார்கள். கிளிஃப் ரிச்சர்ட் லக்னோவில் பிறந்தவர் என்பதில் இங்கே பலருக்கு ஒரு பெருமை. அதைவிடப் பெரிய பெருமை நம் பக்கம் இருக்கிறது. ரிங்கோ வருவதற்குமுன் பீட்டில்ஸுக்கு டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்ட் 1941-இல் பிறந்தது மெட்ராஸில். புகழ் வாசலில் நின்றபோது குழுவிலிருந்து நீக்கப்பட்ட அந்த மனிதரைப் பற்றி மெட்ராஸ்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. ஜெயித்தவனுக்குத்தானே சொந்த ஊர்!

எழுபதுகளில் காட்சி மாறியது. வெளிநாட்டுத் தட்டு இறக்குமதி அத்தனை சுலபமில்லை. ஆனால் டம்டமில் எல்.பி. அச்சானது. பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973-இல் வந்தது. அதற்கும் இந்திய அச்சு உண்டு. உறை கொஞ்சம் மட்டம், அட்டை மெல்லிசு, தட்டு பரவாயில்லை. சிம்லா சிகரெட்காரர்கள் நடத்திய போட்டிகளில் ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், மெட்ராஸின் கன்ஃப்யூஷன்ஸ் போன்ற நம் ஊர்க் குழுக்களே வாசித்து, 1970-இலும் 1971-இலும் அவை எல்.பி.யாகவும் வந்தன. மெட்ராஸ் போனவர்கள் மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுகளைக் கிளறி, பேரம் பேசி, செய்தித்தாளில் சுற்றிப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது எத்தனை ஆயிரம் தட்டுகள் உருகினவோ!

பெரியவரிடம் இரண்டாவதாக ஒரு பெட்டியும் இருந்தது. எச்.எம்.வி. ஃபியஸ்டா, பிளாஸ்டிக்கில் சூட்கேஸ் மாதிரி இருக்கும், பேட்டரியிலும் ஓடும். எழுபதுகளில் இந்தியா முழுக்கக் கல்யாண வீட்டிலும் கல்லூரி விடுதியிலும் பாடியது இதுதான். அதன் ஊசிமுனைக்கு மேலே, கைத்தண்டில், ஒரு நாலணாக் காசு டேப் போட்டு ஒட்டியிருந்தது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்! தட்டு கொஞ்சம் வளைந்திருந்தாலும் கீறியிருந்தாலும் ஊசி தாவும். தாவாமல் இருக்கக் காசு. தட்டு சீக்கிரம் தேயும் என்று சொன்னவர் யாரும் இல்லை. ஒரு எல்.பி. பக்கத்தின் பள்ளத்தை நீட்டிப் பிடித்தால் நானூறு மீட்டர் வரும். அந்த நானூறு மீட்டரையும் நாலணாவின் பாரத்தோடு உழுதுகொண்டிருந்தோம்.

நாற்பது வயதுக்காரர்கள் இன்று தேடுவது வேறு ரகம். 1954-இல் இங்கிலாந்தின் ஸ்விண்டனில் செய்ய ஆரம்பித்த கேரார்ட் 301, சுவிட்சர்லாந்தின் தோரென்ஸ், 1972-இல் வந்த ஜப்பானிய டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200. டெக்னிக்ஸில் பட்டையும் கிடையாது, ரப்பர் சக்கரமும் கிடையாது. மோட்டாரின் தண்டிலேயே தட்டு உட்கார்ந்திருக்கும். கேரார்டில் ரப்பர் சக்கரம். மலைப்பகுதியில் இவற்றை வைத்திருப்பவர்களுக்கு வேகம் சரிபார்க்க ஒரு மலிவான வழி உண்டு. எல்.பி. வேகத்துக்கு 180 கோடுகள் போட்ட ஒரு காகித வட்டத்தைத் தட்டின்மேல் வைத்து, பழைய சோக் வைத்த டியூப்லைட் வெளிச்சத்தில் சுழலவிட வேண்டும். நம் கரண்ட் விநாடிக்கு 50 அலை. விளக்கு விநாடிக்கு நூறு முறை மின்னும். வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்கும். முன்னால் நகர்ந்தால் வேகம் அதிகம், பின்னால் நகர்ந்தால் குறைவு. எல்.இ.டி. பல்பில் இது சரிப்படாது. பழைய பிளேயர் வைத்திருக்கிறவர் ஒரு பழைய டியூப்லைட்டையும் பத்திரப்படுத்த வேண்டும்.

கரண்ட் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். வண்டிப்பெரியார் பாலத்தில் நின்றால் மேலே முல்லைப்பெரியாறு அணை. 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்தது. அங்கே தேங்கும் தண்ணீர் மலையைக் குடைந்து தமிழ்நாட்டுப் பக்கம் போய், லோயர் கேம்ப்பில் சக்கரம் சுற்றிவிட்டு வயலுக்கு இறங்குகிறது. கீழே அதே ஆறு இடுக்கி அணையில் தேங்கி, 1976 முதல் மூலமற்றத்தில் மின்சாரமாகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஊரில், மழை அதிகமானால் முதலில் போவது கரண்ட்தான்.

அன்னியச் செலாவணிச் சட்டம் 1973-இல் இறுகியபின் வெளிநாட்டுத் தோட்டக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. துரைமார் ஊருக்குப் புறப்படும்போது பங்களாச் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள். இந்தக் கிராமபோனும் பன்னிரண்டு தட்டுகளும் அப்படி ஒரு விற்பனையில் பெரியவர் வாங்கியவை. வாங்கியது பெட்டிக்காக. அவரிடம் ஏற்கெனவே சுந்தராம்பாள் தட்டுகள் இருந்தன, போட்டுக் கேட்கத்தான் ஒன்றும் இல்லை. பீட்டில்ஸ் கொசுறு.

கேசட் வந்தபின் இந்த மலையில் தட்டுகள் கெட்டது மனிதர் கையால் குறைவு, ஈரத்தால் அதிகம். தென்மேற்குப் பருவமழை நான்கு மாதம்; உறையில் பூஞ்சை, அட்டையில் கரையான். தப்பியவற்றில் நிறைய மலையிறங்கின. கோட்டயம்–குமுளி சாலையில் முண்டக்கயம் தாண்டிக் கீழே போய், ஈராட்டுப்பேட்டைப் பக்கம் திரும்பினால் பிளாசனால் என்ற கிராமம். அங்கே வனத்துறைக் கழகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற சன்னி மேத்யூ, 2015-இல் வீட்டோடு சேர்த்து ஒரு கிராமபோன் அருங்காட்சியகம் திறந்தார். ஒரு லட்சம் அளவுக்கு 78 தட்டுகள், இருநூற்றைம்பதுக்கு மேல் பாட்டுப்பெட்டிகள். மெழுகு உருளையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவார். தனி மனிதர் ஒருவர் சேர்த்தது என்று நம்பச் சிரமமாக இருக்கும். பெரியவரின் தட்டும் அங்கே போனால் பத்திரமாக இருக்குமே என்று சொல்லிப் பார்த்தேன்.

அவர் பதில் சொல்லவில்லை. தட்டைத் திருப்பிப் போட்டார். பின்பக்கத்தில் 'யூ கான்ட் டூ தட்', ஜான் லெனன் பாடியது. சாவி போதவில்லை. கடைசி வரிகளில் லெனனின் குரல் கீழே கீழே இறங்கி, யாரோ தூக்கத்தில் முனகுவதுபோல் ஆயிற்று. சிரித்துக்கொண்டே ஊசிக்கையைத் தூக்கி வைத்தார்.

"இன்னொருக்கா போடுவமா?" என்று கேட்டுவிட்டு, ஊசி டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, மழை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணினார்.

"நாப்பத்தொண்ணு" என்றார்.

(தொடரும்)